பதிவேட்டில் நிற்கும் சொல்



வெள்ளிவிழா மேடையில் வாழ்த்துரை பல கேட்டோம். நாமோ, நம் பகுதியில் பிறந்த இருவர் சென்னைச் சட்டமன்றத்தில் பேசிய பேச்சைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

ஒருவர் எம்.சி. ராஜா. 1883இல் பரங்கிமலையில் பிறந்தவர். படப்பையிலிருந்து தாம்பரம் வழியே செல்வோர் நாள்தோறும் கடக்கும் ஊர் அது. மற்றவர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்; நம்மவர் 'தாத்தா' என்று உரிமையோடு அழைப்பவர். இருவரும் அவைக்குச் சென்றது நியமனத்தால். வரி செலுத்துவோர்க்கும் சொத்துடையார்க்குமே வாக்குரிமை இருந்த காலத்தில் நம் மக்கள் வேறெவ்வாறு அங்கே நுழைந்திருக்க இயலும்? கட்சி பலமோ வாக்கு பலமோ அவர்களுக்கு இல்லை. சொல் ஒன்றே இருந்தது.

ராஜா ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இழிவாக வழங்கிய பெயர்களை அரசு ஏடுகளினின்று நீக்கி, 'ஆதிதிராவிடர்' என வழங்கவேண்டும் என்ற அவர் தீர்மானம் 1922இல் நிறைவேறியது. ஆனால் சீனிவாசனாரோ 1893இலேயே 'பறையன்' என்று தம் இதழுக்குப் பெயர் சூட்டியவர். பெயரை மாற்றுவதா, அப்பெயரையே நிமிர்ந்து சொல்வதா? இரண்டும் மானத்தின் வழிகளே என்பது நம் கருத்து.

1924 ஆகஸ்டில் சீனிவாசனார் கொணர்ந்த தீர்மானத்தை இளைஞர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். எந்த வகுப்பாரும் எந்த ஊரின் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடப்பதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வளவிற்கு, எந்நிபந்தனையில் பயன்படுத்துகின்றனரோ, அவ்வளவிற்கே பிறரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 'இரங்குங்கள்' என்ற சொல் அதில் இல்லை. 'தனிக் கிணறு வெட்டித் தாருங்கள்' என்றும் கேட்கவில்லை. இருக்கும் கிணற்றில் சம உரிமை! சேரித் தெருவோடு நின்ற நம் முன்னோரின் கால்களுக்கு ஊர்த்தெருவையும் அது திறந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசாணையும் பிறந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் பலர் சிறை சென்றுகொண்டிருந்தனர்.

ஆணை பிறந்த அன்றே கயிறும் குடமும் கிணற்றில் இறங்கிவிட்டனவா? இல்லை. பம்பாய்ச் சட்டமன்றத்திலும் 1923இல் போலே என்பார் கொணர்ந்த இத்தகைய தீர்மானம் நிறைவேறியிருந்தது. ஆயினும் அம்பேத்கர் 1927 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோரோடு மகாடு குளத்துக்குச் சென்று நீரை அள்ளிப் பருகவேண்டியதாயிற்று. எனினும், ஏட்டில் அச்சொல் இல்லாதிருந்தால் எதைக் காட்டி உரிமை கேட்டிருப்பர்?

அக்காலச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. நம் சங்கத்துக் கல்லூரி மாணவர் நால்வர் விடுமுறையில் எழும்பூர் ஆவணக் காப்பகம் சென்று, இவ்விருவர் பேச்சுகளையும் தேடி எடுத்துத் தமிழாக்கித் தந்தால், அதனை நம் படிப்பகத்தில் வைக்கலாம். பேருந்துக் கட்டணத்தை நாம் ஏற்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காண்க.