முற்றத்து நத்தார் மரம்



நத்தார்ப் பண்டிகைக்கெனச் சாடியிலே வாங்கிய பச்சை மரம், பண்டிகை கழிந்த பின்னர் என்னாகின்றது? பெரும்பாலும் வாசலோரத்தில் நடப்படுகின்றது. எங்கள் வளவிலும் அவ்வாறே நட்டோம். சுவருக்கும் அதற்குமிடையே நான்கு முழந்தான் இருந்தது. முழங்காலளவு நின்ற கன்று, நான் கல்யாணஞ் செய்யும் வயதை அடைவதற்குள் ஓட்டுக்கூரையை மேவிவிட்டது.

அரோக்கேரியா எனப்படும் இம்மரத்தின் தாயகம், அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலிலுள்ள நோபோக் தீவு ஆகும். 1774ஆம் ஆண்டில் அத்தீவைக் கண்ட கப்பற்றலைவர் ஜேம்ஸ் குக், இந்நெடுமரங்கள் பாய்மரத்துக்கு உதவுமென எண்ணினார். ஆனால், அதற்கு வேண்டிய உறுதி இம்மரத்துக்கு இல்லையென்பது பின்னரே தெரியவந்தது. தாயகத்திலே இது 50 மீற்றருக்கு மேலும் உயரும். இதன் நெருங்கிய உறவான குக் பைன் மரம் பேராதனைப் பூங்காவில் வரிசையாய் நிற்கின்றது. அவ்வரிசையின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள், இக்குலத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமென்பதை உணர்வார்கள்.

ஆதலால், முதற்கடன் இடந் தெரிதலே. வீட்டுக்கும் மின்கம்பிக்கும் 30 அடிக்குக் குறையாத தூரத்தில், வெயில் நன்கு படுமிடத்தில் நடுக. உப்புக் காற்றைத் தாங்குமாகையால் கடலோர வளவுகளுக்கும் இது ஏற்றது. ஆனால், நீர் தேங்கும் நிலம் ஆகாது, வேர் அழுகிவிடும். சாடிக்குள் வளைந்து சுற்றிய வேர்களை மெதுவாகப் பிரித்துவிட்டு, சாடியில் நின்ற ஆழத்துக்கு மேற்படாமல் நடவேண்டும். கோடையிலே முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆழ ஊறுமாறு நீர் விடுக. அடிமரத்தைத் தொடாமல், சுற்றிவர உலர்ந்த சருகு பரப்பினால் ஈரம் காக்கப்படும். சாடியிலேயே வளர்ப்பவர்கள் வாரந்தோறும் அதனைச் சிறிது திருப்பி வைக்கவேண்டும்; இன்றேல் வெளிச்சம் வரும் பக்கமாகச் சாய்ந்துவிடும்.

இரண்டாவது கடன், கத்தியை ஒதுக்கி வைத்தல். கீழ்க்கிளை ஒன்று போனால் அவ்விடத்தில் மறுகிளை தோன்றுவதில்லை. உச்சிக்குருத்தைத் தறித்தால், பக்கக்கிளை எதுவும் நிமிர்ந்து அதன் இடத்தைக் கொள்ளாது. பக்கக்கிளையை வெட்டி வேர்விடச் செய்தாலும், அது தரையை நோக்கிப் படுத்தே வளரும். ஆகவே நல்ல கன்று வேண்டுவோர் விதையிலிருந்து வளர்த்ததையே நாடவேண்டும்.

எங்கள் தந்தையார் இதனை அறியார். கூரைக்கு அஞ்சி ஒருநாள் உச்சியைத் தறிப்பித்தார். தறித்த இடத்தின் கீழிருந்து பல முளைகள் போட்டியிட்டு எழுந்தன, மரம் கவடுபட்டது. ஒரு மாரிக்காற்றில் அக்கவடொன்று பிளந்து ஓடுகளின்மேல் விழுந்தது. மறுவாரம் மரம் முழுவதையுமே தறித்தோம். அம்மா மட்டும் அன்று முற்றத்துக்கு வரவில்லை. பிழை மரத்தினதன்று, நான்கு முழத்தில் நட்ட எங்களுடையது.

நேயர்களே, உங்கள் வளவிலே இடமில்லையாயின், சில ஆண்டுகள் அதனைச் சாடியிலே வைத்து மகிழுங்கள். பின்னர் பாடசாலைக்கோ கோவிலுக்கோ, பரந்த நிலமுள்ள எவருக்கேனும் கொடுத்துவிடுங்கள். அங்கே அது உங்கள் பேரப்பிள்ளைகளும் அண்ணாந்து பார்க்க வளர்ந்து நிற்கும்.