பிறர் மனையில் அடிபட்ட பிள்ளை



கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும் ஒன்றைக் காணலாம். பள்ளி விட்டபின் குழந்தைகள் தத்தம் வீட்டில் அடங்கியிருப்பதில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கும் விளையாட்டு வேறொரு வீட்டுக் கொல்லையில் முடிகிறது. கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதுவே வழக்கம். கதவு திறந்திருக்கும் வீடெல்லாம் குழந்தைக்குத் தன் வீடே. இது நாம் பெருமை கொள்ளத்தக்க பண்பு. ஆயினும் அதனுள் கடினமான வினா ஒன்று அடங்கியுள்ளது. அவ்வாறு வந்த குழந்தை அங்கே அடிபட்டால், அதற்குப் பொறுப்பாளர் யார்?

இவ்வினாவுக்கு ஊரில் மூன்று விடைகள் கிடைக்கும். பிள்ளையைப் பெற்றவர், ‘உங்கள் வீட்டில்தானே நடந்தது?’ என்பார். வீட்டுக்காரர், ‘உங்கள் பிள்ளையை நீங்கள் அல்லவா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?’ என்பார். நடுவே நிற்பவர், ‘எல்லாம் போதாத காலம்’ என்று முடித்துவிடுவார். முதல் இரண்டும் பழியை அடுத்தவர் தோளுக்கு மாற்றுகின்றன. மூன்றாவது அதனை வானத்துக்கு அனுப்பிவிடுகிறது. அடிபட்ட குழந்தைக்கு இம்மூன்றாலும் பயனில்லை.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது? தீங்கியல் துறையில் நம் நீதிமன்றங்கள் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் நெறிகளைப் பெரிதும் தழுவி வந்திருக்கின்றன. பிரித்தானிய வழக்குகள் இரண்டைக் கருதுவோம். கிளாஸ்கோ நகரின் தாவரப் பூங்கா ஒன்றில், காண்போரைக் கவரும் நச்சுக்கனிகளைத் தின்று ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். குழந்தையை ஈர்க்கும் கேட்டினைத் தக்க எச்சரிக்கையின்றி வைத்திருப்பது நகராட்சியைப் பொறுப்பாக்கக்கூடும் எனப் பிரபுக்கள் சபை கூறியது. நம் ஊர் வேலியோரத்து அரளிக்காயை இங்கே நினைத்துப் பாருங்கள். மற்றொரு வழக்கு ராச்செஸ்டர் நகரைச் சார்ந்தது. வீடுகள் கட்டப்பட்டுவந்த திறந்த வெளியில், ஏழு வயதுத் தமக்கையுடன் சென்ற ஐந்து வயதுச் சிறுவன் பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். இத்துணைச் சிறு பிள்ளைகளைத் துணையின்றி அனுப்பாதிருப்பது முதற்கண் பெற்றோர் கடமை என்று தீர்ப்பாயிற்று.

இவ்விரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றும். உண்மையில் அவை ஒன்றை ஒன்று நிறைவு செய்கின்றன. வீட்டுக்காரர், குழந்தை பெரியவரைப் போல் எச்சரிக்கையாக இராது என்பதை முன்னரே எண்ண வேண்டும். பெற்றோர், தம் கடமை அடுத்த வீட்டு வாயிற்படியில் நின்றுவிடுவதில்லை என்பதை எண்ண வேண்டும். விளையாட்டில் ஒரு குழந்தை மற்றொரு குழந்தையைக் காயப்படுத்தினாலோ, ஏழு வயது நிரம்பாத பிள்ளை செய்வது எதுவும் நம் நாட்டுச் சட்டப்படி குற்றமாகாது. ஆகவே எவ்வழியில் நோக்கினும் சுமை பெரியவர்மீதே வந்து சேர்கிறது.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. 2014 ஏப்ரலில் கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள பல்லகச்சேரியில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. பல மணி நேரம் பாடுபட்டு வெளியே கொணர்ந்தும் உயிர் நிலைக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 2010இல், உச்ச நீதிமன்றம் இத்தகைய கிணறுகள் குறித்து விரிவான ஆணை பிறப்பித்திருந்தது. தோண்டும் இடத்தைச் சுற்றி முள்வேலி வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிட்ட கிணற்றை அடி முதல் தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும். பல்லகச்சேரித் துயரம் நிகழ்ந்த அதே ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் திருத்தப்பெற்றது. ஒரு கிணற்றை மூட ஆகும் செலவு சிறிது. மூடாமையின் விலையோ அளவிட முடியாதது. பொறுப்பு என்பது விபத்துக்குப்பின் தேடப்படும் பொருளன்று, முன்னரே செய்து முடிக்க வேண்டிய வேலை என்பதே இதன் பாடம்.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதை இங்கே தெளிந்துகொள்ள வேண்டும். கன்றின்மேல் தேர் ஏறிய கதையை நாம் அறிவோம். மனுநீதிச் சோழன், ‘கன்றை ஏன் அவிழ்த்துவிட்டாய்?’ என்று பசுவுக்கு உரியவரைக் கேட்டதாகக் கதை கூறவில்லை. அவன் அளித்த தண்டனையை இன்றைய நீதி ஏற்காது; ஆயினும் பிறர் பிழையைத் தேடாமல் தன் கடமையை முதலில் நோக்கிய அந்த மனப்பான்மை இன்றும் வேண்டப்படுவதே.

ஏன் வேண்டும்? பழியச்சம் உண்மையை மறைக்கச் செய்கிறது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த பூச்சிமருந்தை அடுத்த வீட்டுக் குழந்தை குடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘என்னைக் குறை கூறுவார்களே’ என்று வீட்டுக்காரர் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் குழந்தையின் உயிரைக் குறைக்கிறது. என்ன குடித்தது, எவ்வளவு, எப்போது என்னும் செய்தியே மருத்துவருக்கு முதல் துணை. அந்த பாட்டிலையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். குழந்தையை வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. தீக்காயமாயின், ஏறத்தாழ இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். மாவோ, மையோ, பற்பசையோ தடவலாகாது. பாம்பு தீண்டினால் அவ்வுறுப்பை அசையாமல் வைத்து, கீறாமலும் இறுக்கிக் கட்டாமலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மலைமேல் இக்கடமை இன்னும் கூர்மையுடையது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. ஆயினும் உள்மலை ஊர்களிலிருந்து வளைந்திறங்கும் பாதையின் தொலைவு குறைந்துவிடவில்லை. 108 வண்டியை அழைத்தலும், பெற்றோருக்கு நடந்ததை நடந்தவாறே உரைத்தலும், குழந்தையுடன் தாமும் செல்லுதலும் வீட்டுக்காரர் உடனே செய்ய வேண்டியவை. யார் பிழை என்னும் ஆராய்ச்சி மறுநாளைக்குக் காத்திருக்கலாம், குழந்தை காத்திராது.

செலவைப்பற்றியும் ஒரு சொல். அடுத்த வீட்டார் மருத்துவச் செலவில் பங்கேற்க முன்வந்தால், அதனைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பெற்றோர் எண்ணலாகாது. கவனக்குறைவு மெய்யாகவே இருந்ததாயின், நட்பைக் காரணம் காட்டி வீட்டுக்காரர் நழுவலும் ஆகாது. இரு வீட்டாரும் அமர்ந்து, நடந்ததை ஒளிவின்றிப் பேசி, மீண்டும் நிகழாவண்ணம் செய்ய வேண்டியதைச் செய்தால், உறவும் நிற்கும், நீதியும் நிற்கும்.

மாணவர்களே, பெரியவர்கள் வயலுக்கோ வேலைக்கோ சென்ற பிற்பகலில், வீட்டின் பொறுப்பாளர் பெரும்பாலும் நீங்களே. ஆதலால் இதனை உங்களிடம் கூறுகிறேன். உங்கள் வீட்டை ஒருமுறை குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள். கைக்கெட்டும் இடத்தில் மருந்து பாட்டில் உண்டா? கிணற்றுக்குச் சுவர் உண்டா? அரிவாள் எங்கே கிடக்கிறது? கொதிக்கும் உலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? உங்கள் வீட்டில் குழந்தை இல்லாமலிருக்கலாம். அடுத்த வீட்டுக் குழந்தை எப்போதும் வரக்கூடும். அது வருமுன் அவற்றை அகற்றி வைப்பதே நீங்கள் அதற்குக் கூறும் நல்வரவு.