ஊசிதான் காரணமா? விசாரிக்காமல் தீர்ப்பளிக்காதீர்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வருகிறது. "ஊசிதான் காரணம்" என்று ஒருவர் சொல்கிறார். இரவுக்குள் அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் பத்து ஊர்களுக்குப் போய்விடுகிறது. விசாரித்தவர் யார்? ஒருவருமில்லை! ஆனால் தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது.

செய்தி ஒன்று வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கிடும் கட்டளை. ஹதீஸ் கலை அறிஞர்கள் என்ன செய்தார்கள்? சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், நம்பகமானவரா, இருவரும் சந்தித்தது உண்டா என்று அலசிய பிறகே ஒரு செய்தியை ஏற்றார்கள். அந்தச் சமுதாயத்தின் பிள்ளைகள், அறிவிப்பாளர் பெயரே இல்லாத ஒரு குரல் பதிவை நம்பலாமா?

நைஜீரியாவின் கானோ மாநிலத்தைப் பாருங்கள். 2003இல் அங்கே போலியோ சொட்டு மருந்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் கலந்திருப்பதாகப் பேச்சு எழுந்தது. சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது.

அந்த மக்களின் அச்சம் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1996இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் அதே கானோவில் 200 குழந்தைகளிடம் புதிய மருந்தொன்றைச் சோதித்தது. 11 குழந்தைகள் இறந்தனர். பெற்றோரிடம் முறையான சம்மதம் பெறவில்லை என்று வழக்குகள் வந்தன. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் 2009இல் கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலருக்கு உடன்பாடு செய்து கொண்டது. பட்டவன் சந்தேகப்படுவது இயல்புதானே!

ஆனால் சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. சொட்டு மருந்து பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்பட்டது. இறுதியில், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தைக் கொண்டு 2004 ஜூலையில் கானோவில் மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் நைஜீரியாவின் போலியோ கிருமி பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஏமனுக்கும் இந்தோனேசியாவுக்கும்கூடப் போய்ச் சேர்ந்தது. கால் முடங்கியது யாருடைய பிள்ளைகளுக்கு? நம் உம்மத்தின் பிள்ளைகளுக்குத்தான்!

அப்படியானால் மருந்தால் கேடே வராதா? வரும், சகோதரர்களே! 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. விசாரித்தார்கள். வெவ்வேறு வீட்டுக் குழந்தைகள். ஆனால் குடித்தது ஒரே இருமல் சிரப். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக அரசின் ஆய்வில் அந்தச் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான்! 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர்.

கானோவில் மருந்து குற்றமற்றது என்று தெரிந்தது; இங்கே மருந்தே குற்றவாளி என்று தெரிந்தது. இரண்டையும் சொன்னது விசாரணைதான், வதந்தியல்ல. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

ஒன்று: நோய் எப்போது தொடங்கியது? மருந்துக்கு முன்பே அறிகுறி இருந்தால் மருந்தின் மீது பழி போட முடியாது. பின்னால் வந்தது என்பதாலேயே அதனால் வந்தது என்றும் ஆகாது.

இரண்டு: மருந்து எடுக்காதவர்களுக்கும் அதே அளவில் அந்த நோய் வருகிறதா? தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு 1998இல் கிளம்பியது. டென்மார்க்கில் 5 லட்சத்து 37 ஆயிரம் குழந்தைகளை ஒப்பிட்டு 2002இல் முடிவு வெளியிட்டார்கள். போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. அதே ஒப்பீட்டு முறைதான், 1999இல் அமெரிக்காவில் ஒரு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தால் குடல் செருகிக் கொள்வதைக் காட்டிக் கொடுத்தது. அந்த மருந்து விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டது.

மூன்று: வேறு காரணம் உண்டா? ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது?

ஆகவே இளைஞர்களே! உங்கள் தெருவில் இப்படி நடந்தால் பாட்டிலையும் அட்டையையும் தூக்கி எறிய விடாதீர்கள். அவைதான் சாட்சி! மருந்தின் பெயர், பேட்ச் எண், கொடுத்த நேரம், அறிகுறி தொடங்கிய நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்ய மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024.

மருந்துக் கடை நடத்தும் சகோதரர்களே! பில் இல்லாமல் சரக்கு வாங்காதீர்கள், பில் இல்லாமல் விற்காதீர்கள். ஒரு பேட்ச் தடை செய்யப்பட்டால் அன்றே அலமாரியிலிருந்து எடுத்து விடுங்கள். லாபத்தைப் பற்றியும் மறுமையில் கேள்வி உண்டு.

இன்னொன்று. மரணம் நேர்ந்தால் ஜனாஸாவை விரைந்து அடக்க நினைக்கிறோம். பிரேதப் பரிசோதனை என்றாலே மறுக்கிறோம். பிறகு, "ஊசியால்தான் இறந்தது" என்று எதைக் கொண்டு நிரூபிப்பது? மரணத்தின் காரணத்தை அறியத் தேவை ஏற்பட்டால் பரிசோதனை கூடும் என்று மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில் 1987இல் தீர்மானித்தது. உங்கள் ஊர் ஆலிம்களிடம் இப்போதே கேட்டுத் தெளிவு பெறுங்கள். துக்க வீட்டில் விவாதிக்க நேரம் இருக்காது.

ஹஜ்ஜுக்குச் செல்பவர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக் கொண்டுதான் புறப்படுகிறார். தனக்கு ஏற்றுக் கொண்டதைப் பிள்ளைக்கு ஏன் மறுக்க வேண்டும்?

சந்தேகம் வந்தால் கேளுங்கள், உரத்துக் கேளுங்கள், ஆட்சியாளரிடம் பதில் பெறும் வரை கேளுங்கள். அது நம் உரிமை. ஆனால் பதில் வருமுன் பரப்பாதீர்கள். அது அமானிதம். நம் சந்ததிகளை அல்லாஹ் நோயிலிருந்தும் பொய்யிலிருந்தும் காப்பானாக!