வெலிமடைப் பாதையில் ஒரு விஞ்ஞானப் பாடம்

இன்றைய பயணம் வெலிமடைக்கு. நுவரெலியாவில் பஸ் ஏறி பதுளை வீதியில் இறங்குவோம். இந்த வழியாகப் போகிற பலர் சீத்தா எலிய கோயிலில் கும்பிட்டுவிட்டு, வீதியோரக் கடையில் லீக்சும் கரட்டும் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வார்கள். நாம் ஆறுதலாகப் போவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் விஞ்ஞானப் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொள்வோம். அந்தப் புத்தகத்தில் படமாகக் கிடக்கும் பல விஷயங்கள் இந்தப் பாதையின் இரு பக்கமும் உயிரோடு நடந்துகொண்டிருக்கின்றன.

முதல் தரிப்பு ஹக்கலை. நுவரெலியாவிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர். செங்குத்தான பாறை மலையின் அடிவாரத்தில் உள்ள இந்தத் தாவரவியல் பூங்காவுக்கு இன்று ரோஜாவும் ஓர்க்கிட்டும் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. ஆனால் 1861இல் இதைத் தொடங்கியது மருந்து மரம் ஒன்றுக்காக. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சாரலில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும். அந்தப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தவர்கள் பெல்லட்டியே, கவந்து என்ற பிரெஞ்சுக்காரர் இருவர். ஆண்டு 1820. அந்தீசின் குளிரும் ஈரமும் இலங்கையில் எங்கே கிடைக்கும் என்று பார்த்தபோது, அப்போது பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த துவைற்ஸ் காலத்தில் ஹக்கலை தெரிவானது. பின்னர் 1869 முதல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்தபோது, துரைமார் சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். அதன் விலையும் விழுந்தது. நிலைத்தது தேயிலை.

நம் தாத்தா பாட்டிமாருக்குக் கொய்னா என்ற குயினைன் மருந்தின் கசப்பு தெரிந்திருக்கும். 1934, 1935ஆம் ஆண்டுகளின் பெருங்காய்ச்சலில் இந்நாட்டில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஹக்கலையின் கதையிலிருந்து தொடங்கும் ஆசிரியருக்கு தாவரவியல், இரசாயனம், நாட்டு வரலாறு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லித்தர வழி இருக்கிறது.

ஹக்கலையைத் தாண்டியதும் ஜன்னலோரம் இருந்து பாருங்கள். மேலே பனிமூட்டம், பாசி பிடித்த மரங்கள், ஈரம். கொஞ்சம் இறங்கியதும் வெயில் அடிக்கும். காடு குறைந்து ஊவாவின் பத்தனைப் புல்வெளி தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையேறும்போது காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. அந்த மழை மேற்குச் சரிவுக்கு. மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும் காற்றில் ஈரம் இல்லை. ஈரமற்ற காற்று ஒவ்வொரு கிலோமீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும். அதுதான் ஆடி, ஆவணியில் இங்கே வீசும் வறண்ட கச்சான். வெலிமடைக்கு முக்கிய மழை வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவத்தோடு வருகிறது. புவியியல் புத்தகம் மழைமறைவுப் பிரதேசம் என்று ஒரு வரியில் சொல்வதை, ஒரு வெப்பமானியை வைத்துக்கொண்டு ஹக்கலையில் ஒருமுறையும் வெலிமடை பஸ் நிலையத்தில் ஒருமுறையும் பார்க்கிற பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

வெலிமடை பள்ளத்தாக்கு ஊர். சரிவெங்கும் படிப்படியாக வயல். பெரும்போகத்தில் நெல், அது அறுத்தபின் அதே வயலில் உருளைக்கிழங்கு. போஞ்சி, கோவா, தக்காளி மூட்டைகள் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. இங்கே எந்த வீட்டிலும் ஒரு கிழங்கு இருக்கும். அதை இரண்டாக வெட்டி ஒரு சொட்டு அயடீன் விட்டால் கருநீலமாகும். அது மாப்பொருளுக்கான சோதனை. ஒரே அளவில் நறுக்கிய துண்டுகளில் ஒன்றை நல்ல தண்ணீரிலும் மற்றதை உப்புத் தண்ணீரிலும் போட்டு வைத்தால், ஒன்று விறைக்கும், மற்றது துவளும், அது பிரசாரணம். கமத்தில் பசளையை அளவுக்கு மீறிப் போட்டால் செடி ஏன் வாடுகிறது என்பதற்கான விடையும் அந்தத் துவண்ட துண்டிலேயே இருக்கிறது.

இனித் தேயிலை மலைக்குப் போவோம். தோட்டத்துச் சனங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் முதலில் வருவது மணம். பறித்த கொழுந்தைத் தட்டில் பரப்பிக் காற்றடித்துப் பல மணி நேரம் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டுகிறார்கள். உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த பொலிபீனோல்களும் நொதியமும் ஒன்றாகக் கலக்கின்றன. காற்றின் ஒட்சிசன் சேர்கிறது. பச்சை செம்பு நிறமாகிறது. தொழிலில் இதைப் புளிக்க வைத்தல் என்றாலும், நடப்பது ஒட்சியேற்றம். சரியான நேரத்தில் சூட்டறைக்கு அனுப்பினால் நொதியம் செயலிழந்து மாற்றம் நின்றுவிடும். அந்த நேரத்தை மூக்காலும் கண்ணாலும் கணிக்கிறவர்கள் நம் அப்பாமாரும் மாமாமாரும்தான்.

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. கச்சான் வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், வறட்சியால் வாடும் செடி தன்னைக் காத்துக்கொள்ள மணப்பொருள்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அவற்றுள் ஒன்று மெதைல் சலிசிலேற்று. முதுகு வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம் அதே பொருளின் வாசம். கூடை சுமந்த முதுகில் அம்மா தேய்க்கிற தைலத்துக்கும் அவர் பறித்த கொழுந்தின் விலைக்கும் நடுவில் இப்படி ஓர் இரசாயன உறவு இருக்கிறது. வீட்டில் செய்யக்கூடிய சோதனையும் உண்டு: சாயத் தண்ணியில் நாலு துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். நிறம் வெளிறும். அமிலம் பட்டால் தேயிலையின் சாயப்பொருள் நிறம் மாறும். ஆய்வுகூடத்துப் பாசிச்சாயத்தாள் காட்டும் பாடமும் அதுதான்.

அடுத்தது தண்ணீர். வெலிமடையைச் சுற்றி ஓடும் உமா ஓயா மகாவலியின் கிளை. வடக்கே ஓடி ரந்தம்பே பக்கம் மகாவலியில் சேரும் இந்த ஆற்றின் நீரில் ஒரு பகுதியை, புஹுல்பொல, டயரபா ஆகிய இரண்டு அணைகளால் மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தென்கிழக்கே வெல்லவாய பக்கம் திருப்பியிருக்கிறார்கள். சுமார் 700 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர், நிலத்தடி மின்நிலையத்தில் தலா 60 மெகாவாற் வலுவுள்ள இரண்டு சுழலிகளைச் சுற்றுகிறது. 2024 ஏப்ரல் 24இல் திறந்துவைத்தார்கள். அழுத்த சக்தி இயக்க சக்தியாகி மின்சாரமாகும் பாடத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்தப் பக்கத்தில் இல்லை.

அதே சுரங்கம் இன்னொரு பாடமும் தந்தது. 2014 கடைசியில் தோண்டும்போது பாறை வெடிப்புகளில் தேங்கியிருந்த நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளில் வெடிப்பு விழுந்தது. நிலத்தின் கீழே நீர் எப்படி நிற்கிறது என்பது குடிதண்ணீர்ப் பிரச்சினையாக மக்களின் வாசலுக்கே வந்தது. அதே 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. மண் எவ்வளவு நீரைத் தாங்கும் என்ற கேள்வி நம் சனங்களுக்கு உயிர்க் கேள்வி. 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு அளவு வைத்திருக்கிறது. அந்த எண்ணை விளங்கிக்கொள்ளும் பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருக்க வேண்டும்.

நேயர்களே, இவ்வளவும் சுற்றியிருந்தும் இந்த மலையின் பிள்ளைக்கு விஞ்ஞானம் தூரத்துப் பாடமாக ஏன் இருக்கிறது? 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளுக்கு அப்போது வரவில்லை. 1970களின் பிற்பகுதியில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்த முப்பது வருட இடைவெளியை இன்றும் ஆய்வுகூடத்திலும் ஆசிரியர் பட்டியலிலும் காண்கிறோம். தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் படிக்க ஊவாவில் இடங்கள் குறைவு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் பற்றாக்குறை. கொழும்பில் 1877இல் திறந்த தேசிய நூதனசாலை இருக்கிறது, 1965இல் கட்டிய தாமரை வடிவக் கோள்மண்டலம் இருக்கிறது, 1986இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலை இருக்கிறது. கட்டாயம் காட்ட வேண்டிய இடங்கள். ஆனால் வெலிமடையிலிருந்து போய் வரும் செலவை நாட்சம்பளத்தில் சேர்க்க வேண்டும். பதுளையில் 2005இல் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பமே ஒரு பட்டப்படிப்பு. தேயிலைக்குள் பிறந்த பிள்ளை அந்த வாசலுக்குப் போய்ச் சேர, இங்கே எட்டாம் வகுப்பிலேயே ஆர்வம் பிடிக்க வேண்டும்.

ஆசிரியர்களே, தவணைக்கு ஒரு நாள் வகுப்பை ஹக்கலைக்கோ அணைக்கட்டுக்கோ கொண்டுபோங்கள். தோட்ட முகாமையாளர்களே, வருடத்தில் ஒரு நாள் ஸ்டோரைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். வாட்டுவதையும் உருட்டுவதையும் அங்கே வேலை செய்கிறவர்களே விளக்கட்டும். கல்வி அதிகாரிகளே, ஆய்வுகூடம் கட்டினால் மட்டும் போதாது, அதைத் திறந்து வைத்திருக்கும் தமிழ்மொழி விஞ்ஞான ஆசிரியரையும் அனுப்புங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேலை. பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதைக் கவிழ்த்துப் புனல் போல வாயில் வையுங்கள். அடியில் கொஞ்சம் நீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அடிமட்டத்தை ஒட்டுங்கள். மரநிழல் இல்லாத இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று பிள்ளை கொப்பியில் எழுதட்டும், எழுதியபின் நீரைப் பூச்சிய மட்டத்துக்குக் கொண்டுவரட்டும். மழைக்காலத்தில் அந்தக் கணக்கைப் பக்கத்து லயத்துக்கும் சொல்லட்டும். நாளைக்கே தொடங்குங்கள்.