மலையை வெட்டிய கையும் தாய்க்குக் கடன் செய்த கையும்

(கோணேசர் தரிசனத்துக்காகத் திருகோணமலைக்கு வந்த தோட்டக் குடும்பங்களுக்கு, தங்கிய மடத்தில் நாங்கள் ஆற்றிய உரை)



ராத்திரி முழுக்க பஸ்ஸிலே குலுங்கி வந்தீர்கள். விடியக் காலையிலே கோணேசரைக் கும்பிட்டு, பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலே குளித்து, இப்போது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணைச் சொக்கும். அதனால் நீட்டிப் பேச மாட்டோம். இன்றைக்கு நீங்கள் பார்த்த இடங்களைப் பற்றித்தான் நாலு வார்த்தை. அந்த இடங்களின் கதைக்குள்ளே நம்முடைய லயத்துக்குத் தேவையான சங்கதி ஒன்று இருக்கிறது.

காலையிலே கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டைப் பார்த்தோம். பாறை இரண்டாகப் பிளந்து, கீழே கடல் கறுத்துக் கிடக்கிறது. நம்முடைய பையன் ஒருவன் கையை ஓங்கி, "ஒரே வெட்டு!" என்று காட்டினான். எல்லோரும் சிரித்தோம். பத்துத் தலை, இருபது கை, மலையைப் பிளந்த வாள். ஆம்பளை என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று அந்தப் பிள்ளையின் மனசிலே பதிந்திருக்கும்.

ஆனால் அவன் ஏன் வெட்டினான் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊர்ச் சனங்கள் சொல்லும் ஐதீகம் இதுதான். இராவணனின் தாய் பெரிய சிவபக்தை. வயதாகி நடக்க முடியாத அந்தத் தாய் இருக்கிற இடத்திலேயே கும்பிடட்டும் என்று, கோணேசரை மலையோடு பெயர்த்துக் கொண்டுபோகத்தான் வாளை எடுத்தானாம். பிறகு, தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தியைத் திருமால் ஒரு முதியவர் வேடத்தில் வந்து சொன்னாராம். தாய்க்குச் செய்யவேண்டிய கடனைச் செய்ய, கையிலிருந்த ஆயுதத்தால் ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினானாம். அந்த ஏழு ஊற்றுத்தான் நீங்கள் குளித்த கன்னியாக் கிணறுகள் என்பார்கள். செத்தவர்களுக்குக் கடன் கழிக்கச் சனங்கள் அங்கே வருவதும் அதனால்தான்.

இது சரித்திரம் இல்லை, ஐதீகம். ஆனால் ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாக எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். இராமாயணத்திலே இராவணன் அடுத்தவன் மனைவியை அவள் விருப்பம் இல்லாமல் தூக்கிப் போனவன். தம்பிமார் சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்தான், நாட்டையும் இழந்தான். திருகோணமலையிலே அதே இராவணன் தாய்க்கு ஒரு மகன். அதே கைதான், அதே பலம்தான். ஒரு பொம்பளையின் சொல்லை மதிக்காத இடத்திலே அந்தப் பலம் அவனை அழித்தது. தாய்க்காக உழைத்த இடத்திலே கோயில் கதையாக நிற்கிறது. நம்ம பையன்களுக்கு வாளை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். தாயை விட்டுவிடுகிறோம்.

அதே பாறையைப் பற்றி வெள்ளைக்காரர் சொன்ன கதை ஒன்றும் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் பிரான்சினா என்ற பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து, மனம் பொறுக்காமல் அங்கிருந்து கடலில் குதித்துச் செத்தாள் என்பது கதை. 1687ஆம் ஆண்டு போட்டு அவள் பெயரைப் பொறித்த தூண் ஒன்று அங்கே நிறுத்தப்பட்டது. கதையை நம்ப அது போதுமாயிருந்தது. ஆனால் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தவர்கள் கண்டது வேறு. அந்தப் பெண் சாகவில்லை. பிறகு வேறொருவரைக் கலியாணம் செய்து வாழ்ந்திருக்கிறாள். போனவனுக்காகப் பெண் சாகவேண்டும் என்று கதை ஆசைப்பட்டது. அவளோ பிழைத்து வாழ்ந்தாள். நம்ம தோட்டத்திலும் புருஷனைப் பறிகொடுத்த எத்தனை தாய்மார் கூடையைத் தோளில் போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார்கள்! அவர்களைப் பற்றி யார் கதை சொன்னது?

இனி நம்முடைய கூத்துக்கு வருவோம். மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறோம். காமன் எரிந்தபிறகு ரதி புலம்புவாள். தோட்டமே கூடி நின்று கண்ணைத் துடைக்கும். அந்த ரதி வேஷம் வழமையாக யார் கட்டுவது? ஒரு ஆம்பளை. விரதமிருந்து, சேலை கட்டி, வாய்விட்டு அழுகிறான். யாரும் அவனைக் கேலி பண்ணுவதில்லை. கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதே ஆள் மறுநாள் வீட்டிலே தன் மகன் அழுதால், "ஆம்பளைப் பய அழலாமாடா?" என்று அதட்டுகிறான். பொன்னர் சங்கர் கூத்தும் அப்படித்தான். வீரர் இருவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அண்ணன்மார் செத்துக் கிடந்த இடத்தைத் தேடிக்கொண்டு போன தங்கச்சியின் துணிச்சலை எத்தனை பேர் பேசுகிறோம்?

எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் அடுப்புக்கு முன்னால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான். அம்மா மலையிலிருந்து இறங்கி வரும் நேரம். வாசலில் நின்ற பெரியவர், "என்னடா, பொம்பளைப் பிள்ளையாயிட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பையன் மாவுக் கையோடு எழும்பி வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரத்திலே அந்தத் தாய் நனைந்த படங்கோடு வந்து, ஒன்றும் பேசாமல் மிச்ச மாவைத் தட்ட உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தது அவள்தான். அன்றைக்கு எங்களுக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கணக்குப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, பீலியிலே தண்ணி பிடித்து, சமைத்து, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்குப் போகிறாள். கொழுந்து நிறுத்து முடிய மாலையாகிவிடும். கவ்வாத்தோ கான் வெட்டோ முடித்த ஆம்பளை பல நாளில் மத்தியானமே வீடு வந்துவிடுவான். அந்த நேரத்தில் அடுப்பு மூட்டினால் ஆண்மை குறைந்துபோகுமா?

1984ஆம் ஆண்டில்தான், தொழிற்சங்கப் போராட்டத்துக்குப் பிறகு, தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் வந்தது. அதுவரை பெண் பேருக்குக் குறைந்த காசுதான். ஆனால் அதற்குப் பிறகும் பல இடங்களிலே அவள் சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ போய் வாங்கும் வழக்கம் இருந்தது. சமசம்பளம் செக்ரோலில் ஏறியது, வீட்டுக்குள்ளே ஏறவில்லை.

எல்லா ஆண்களும் அப்படி இல்லை. 1930களில் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரைத் திரட்டிய கோ. நடேசய்யரை நினைத்துப் பாருங்கள். அவருடைய துணைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுக்களைப் பாடினார். 1940இல் அவை புத்தகமாகவும் வந்தன. மனைவி முன்னால் நின்று பாடினதாலே நடேசய்யருக்கு மரியாதை குறையவில்லை. கேட்டவர்கள்தான் கூடினார்கள்.

கடைசியாக, கை ஓங்குவதைப் பற்றி. சம்பள நாள் ராத்திரி சில காம்பராக்களில் என்ன நடக்கிறது என்று பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியும். "அது புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிபடுகிறவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வீட்டுச் சுவரிலே எழுதி வையுங்கள். அடிக்கிறவன் கண்ணிலும் அது படட்டும்.

ஐயாமாரே, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் வரவில்லை. பிரட்டிலே ஏச்சு, கடைக்கடன், முதுகுவலி எல்லாம் உங்களுக்கும் இருக்கிறது. அழக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்ததாலே, சிலருக்குச் சாராயப் போத்தலும் கையும்தான் மிச்சம். உங்கள் பையன்களுக்கு அந்த நிலைமை வேண்டாம்.

நாளைக்கு பஸ்ஸிலே திரும்பும்போது பிள்ளைகள் இராவணன் வெட்டைப் பற்றிக் கேட்பார்கள். வெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். கன்னியாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாய்க்காகத்தான் அவன் வாளை எடுத்தான் என்று சொல்லுங்கள். லயத்திலே ஒரு பையன் ரொட்டி தட்டினால், சிரிக்காமல் பக்கத்திலே உட்கார்ந்து ஒன்றைத் திருப்பிப் போடுங்கள்.