குருதி கூறும் இரு சாட்சியங்கள்



சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் நம்மவர் வழங்கும் நீரிழிவு நோயுடையோர் பலரிடத்தே ஒரு வழக்கமுண்டு. வைத்தியரைக் காணும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே இனிப்பை ஒதுக்கிச் சோற்றையும் குறைத்துக்கொள்வர். குருதியிலே சீனி குறைந்திருக்கக் கண்டு மனநிறைவுடன் வீடு திரும்புவர். ஆயின், குறைந்தது அன்றைய சீனியேயன்றி நோயன்று. நோயின் உண்மை நிலையைக் கூறும் வேறிரு சாட்சியங்கள் அதே குருதியில் உள்ளன.

முதலாவது, சீனி படிந்த ஈமோகுளோபின். செங்குருதிக் கலங்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் புரதத்தோடு குளுக்கோசு ஒட்டிக்கொள்ளுகின்றது. ஒட்டியது எளிதிற் பிரிவதில்லை. அக்கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வன. ஆகவே, இவ்வாறு சீனி படிந்த பங்கை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலை வெளிப்படும். நீரிழிவுடையோரிடத்தே இவ்வகை ஈமோகுளோபின் மிகுந்திருப்பதை 1968இல் கண்டுரைத்தவர் ஈரானியரான சாமுவேல் ரஹ்பர் ஆவார். பெரும்பாலோர்க்கு இது 7 வீதத்துக்குக் கீழ் இருத்தல் நன்று. முதியோர்க்கு வைத்தியர் வேறு எல்லை வகுத்தலும் உண்டு. குருதிச்சோகை உடையோர்க்கு இவ்வளவு பிழைபடுதலுங் கூடுமாதலின், அதனை முன்னரே கூறிவிடல் வேண்டும்.

இரண்டாவது சாட்சி கொழுப்பு. உடலிற் சேமித்த கொழுப்பு கட்டின்றி வெளியேறாது காப்பதும் இன்சுலினின் பணியே. அதன் ஆட்சி தளருங்கால், கொழுப்பமிலங்கள் பெருகி ஈரலை அடைகின்றன. ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைட் என்னும் கொழுப்பாக்கிக் குருதியிற் செலுத்துகின்றது. அது பெருக, நல்ல கொலஸ்ட்ரோல் குறைகின்றது. தீய கொலஸ்ட்ரோலின் அளவு சாதாரணமாகத் தோன்றினும், அதனைச் சுமக்கும் துணிக்கைகள் சிறுத்துச் செறிந்து நாடிச் சுவரினுள் எளிதிற் புகுகின்றன. நோவு எதுவுமின்றி ஆண்டுக்கணக்கில் நிகழும் இக்கேடு, ஒருநாள் மாரடைப்பாகவோ பாரிசவாதமாகவோ வெளிப்படும்.

இதனைத் தடுக்க வழியுமுண்டு. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் இதயநோயற்ற நீரிழிவாளர் 2,838 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2004இல் வெளியாயிற்று. அவர்களுள் எவர்க்கும் தீய கொலஸ்ட்ரோல் மிகுந்திருக்கவில்லை. எனினும், அட்டோர்வாஸ்டட்டின் என்னும் மருந்தை நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் உட்கொண்டோரிடையே மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய பெருங்கேடுகள் 37 வீதம் குறைந்தன.

ஆதலால் நேயர்களே, வைத்தியரிடத்தே "எனது சீனி எவ்வளவு?" என்பதோடு அமையாது, "மூன்று மாதச் சராசரி யாது? கொழுப்பின் நிலை யாது?" என்றும் வினவுங்கள். சோதனைக்கு முந்திய நாள்களில் மாத்திரம் உணவைக் குறைத்து மெய்ந்நிலையை மறையாதீர்கள். வழக்கமாக உண்பதை உண்டு, வழக்கமாக எடுக்கும் மருந்தை எடுத்துச் செல்லுங்கள். அப்பொழுதே மருந்தின் அளவு போதுமா என்பதை வைத்தியர் அறிந்து, வேண்டிய திருத்தத்தைக் காலத்தோடு செய்தல் இயலும்.