தூங்குங்க, தண்ணி வந்தா எழுப்புறோம்

இன்னைக்கு த்ரெட் பத்திப் பேசப் போறேன். அதுக்கு முன்னாடி உத்திரமேரூருக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம்.

அங்க வைகுண்டப் பெருமாள் கோயில்ல, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு இருக்கு. வருஷம் 919, 921. குடவோலைத் தேர்தல்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. எனக்கு அதுல பிடிச்சது ஏரி வாரியம். ஏரியைப் பாத்துக்கவே 6 பேர்!

ஏரிப் பாசனத்துல சிக்கல் என்னன்னா, மதகு ஒண்ணு, வயல் பல. "என் முறை வந்துருச்சா?"ன்னு எல்லாரும் ராத்திரி பூரா வாய்க்கால் கரையில நின்னா வேற வேலை ஓடாது. அதனாலதான் தமிழ்நாட்டு ஏரி ஊர்கள்ல நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருந்தார். மடையைத் திறந்து மூடி, முறைப்படி தண்ணி பாய்ச்சுறது அவர் பொறுப்பு. மத்தவங்க நிம்மதியா தூங்கலாம்.

நம்ம கோட்ல? "டேட்டா வந்துருச்சா, வந்துருச்சா"ன்னு ஒரு த்ரெட் லூப்ல கேட்டுக்கிட்டே இருக்கும். இதான் பிஸி வெயிட்டிங். சிபியு சும்மாவே ஓடும், போன் சூடாகும், சார்ஜ் இறங்கும். நடுவுல ஸ்லீப் போட்டாலும் தீராது. நேரம் குறைவா வெச்சா வீண் ஓட்டம், அதிகமா வெச்சா தாமதம்.

தீர்வு பழசுதான். 1960-கள்ல டைக்ஸ்ட்ரா செமஃபோர் கொண்டுவந்தார். 1974-ல ஹோர் மானிட்டர் பத்தி எழுதினார். இன்னைக்கு ஜாவாவுல வெயிட், நோட்டிஃபை, பைத்தான்ல கண்டிஷன். வெயிட் சொன்னதும் த்ரெட் லாக்கை விட்டுட்டுத் தூங்கிடும். டேட்டாவைக் கொண்டுவந்து வைக்கிற த்ரெட், நோட்டிஃபை சொல்லி எழுப்பும். லாக்கை விடுறதும் தூங்குறதும் ஒரே மூச்சில் நடக்கணும். நடுவுல இடைவெளி விழுந்தா, அந்த நேரத்துல வந்த அழைப்பு காதுல விழாது. அப்புறம் அந்தத் த்ரெட் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

ரெண்டு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. ஒண்ணு, எழுந்ததும் நிலைமையைத் திரும்பப் பாருங்க. இஃப் போதாது, வைல் வேணும். கூப்பிட்ட குரல் கேட்டு நீங்க வயலுக்குப் போறதுக்குள்ள, வேற ஒருத்தர் தண்ணியைத் திருப்பியிருக்கலாம்.

ரெண்டாவது, ஜாவாவோட நோட்டிஃபை யாரை எழுப்பும்னு உறுதி கிடையாது. கடைமடை வயல் மாதிரி, ஒரு த்ரெட்டுக்கு முறை வராமலே போகலாம். வரிசை முக்கியம்னா அதை நீங்கதான் எழுதணும். எழுப்புறதுதான் நோட்டிஃபையோட வேலை. நியாயம் பாக்குறது நம்ம வேலை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.